வெஸ்டர்ன் பிளாட்டில் தேறியது, நுண்ணோக்கியில் தவறியது: எல்சி3பி ஆன்டிபாடி பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

உயிரணு தனக்குள் பழுதான உறுப்புகளையும் திரண்டுபோன புரதங்களையும் இரட்டைச் சவ்வுப் பைகளில் அடைத்து, லைசோசோம் என்ற செரிமான உறுப்புக்கு அனுப்பிச் செரித்துக்கொள்ளும் முறைதான் ஆட்டோஃபேஜி. 1963-இல் கிறிஸ்டியன் டி டூவ் வைத்த பெயர் அது. 1990-களில் யோஷினோரி ஓசுமி ஈஸ்டில் இதற்கான மரபணுக்களைக் கண்டறிந்தார். 2016-இல் நோபல் பரிசு பெற்றார். அந்த மரபணுக்களுக்கு மனித உயிரணுவில் இணையாக உள்ள புரதங்களை அளப்பது இன்று இத்துறையின் அன்றாட வேலை. அளக்கும் கருவி பெரும்பாலும் ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஒரு புரதத்தை இனம்கண்டு பற்றிக்கொள்ளும் புரதம்.

புதிதாகத் தயாரித்த ஒரு சிறு மூலக்கூறு ஆட்டோஃபேஜியைத் தூண்டுகிறதா என்ற கேள்வியோடு ஓர் ஆய்வுக்குழு இயங்கிக்கொண்டிருந்தது. சோதனைகளைச் செய்தவர் ஒரு முனைவர் பட்ட மாணவி. வழிகாட்டும் பேராசிரியரும், குழுவுக்குப் புதிதாக வந்த முதுமுனைவர் ஆய்வாளர் ஒருவரும் உடன் இருந்தார்கள். நான் அந்தக் குழுவைச் சேர்ந்தவன் அல்ல. நுண்ணோக்கிப் பிரிவில் வேலை செய்வதால் படங்கள் எடுக்கும் கட்டத்தில் இதில் சேர்ந்தேன். அவர்கள் சம்மதத்துடன், ஆட்களையும் மூலக்கூறையும் ஆன்டிபாடி விற்றவர்களையும் பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

அளக்க எடுத்துக்கொண்ட புரதம் எல்சி3பி. இது முதலில் நீண்ட வடிவில் உருவாகிறது. ஏடிஜி4 என்ற நொதி அதன் வால்முனையை நறுக்கியதும் 120-ஆம் இடத்து கிளைசின் வெளியே தெரிகிறது. இந்த வடிவம் எல்சி3-1. பிறகு ஏடிஜி7, ஏடிஜி3, ஏடிஜி12–ஏடிஜி5–ஏடிஜி16எல்1 கூட்டு ஆகியவை அடுத்தடுத்து வேலை செய்து அந்த கிளைசினோடு ஒரு கொழுப்பு மூலக்கூறை இணைக்கின்றன. அப்போது கிடைப்பது எல்சி3-2. இது சவ்வில் ஒட்டிக்கொள்ளும். புரதங்களை அளவுப்படி பிரிக்கும் ஜெல்லில் எல்சி3-1 சுமார் 16 கிலோடால்டனிலும் (மூலக்கூறு எடையின் அலகு) எல்சி3-2 சுமார் 14 கிலோடால்டனிலும் தெரியும். எடை கூடியது கீழே ஓடுவது புதியவர்களைக் குழப்பும். சேர்ந்த கொழுப்புதான் அதை வேகமாக ஓடச் செய்கிறது. நுண்ணோக்கியில் எல்சி3-1 உயிரணு முழுதும் மங்கலாகப் பரவியிருக்கும், எல்சி3-2 புள்ளிகளாகத் திரளும். ஆகவே ‘புள்ளிகள் கூடின, ஆட்டோஃபேஜி கூடியது’ என்று எழுதும் பழக்கம் இத்துறையில் பரவலாக உண்டு.

முதலில் கண்டவை

சோதனைகள் ஹீலா என்ற, ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்று உயிரணுக்களில் நடந்தன. ஆன்டிபாடி முயலில் தயாரித்த பாலிகுளோனல் வகை, அதாவது பல ஆன்டிபாடிகளின் கலவை. எல்சி3பி-யின் அமினோ முனையைச் சேர்ந்த ஒரு பெப்டைடை (சிறு புரதத் துண்டை) முயலுக்குச் செலுத்திப் பெற்றது. வெஸ்டர்ன் பிளாட்டுக்கும் (ஜெல்லில் பிரித்த புரதங்களை மெம்பிரேன் என்ற மென்தாளுக்கு மாற்றி ஆன்டிபாடியால் காண்பது) இம்யூனோஃப்ளூரசன்சுக்கும் (உயிரணுவுக்குள்ளேயே ஆன்டிபாடியால் ஒளிரச் செய்து நுண்ணோக்கியில் காண்பது) ஏற்றது என்று அதன் தகவல் தாளில் இருந்தது.

வெஸ்டர்ன் பிளாட் அழகாக வந்தது. 0.2 மைக்ரோமீட்டர் துளையுள்ள பிவிடிஎஃப் மெம்பிரேனில் 16-இலும் 14-இலும் இரண்டு தெளிவான பட்டைகள். மூலக்கூறைக் கொடுத்த உயிரணுக்களில் கீழ்ப்பட்டை தடித்தது. உயிரணுக்களை 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்தி (இருந்தபடியே இறுகச் செய்து), டிரைட்டன் என்ற சோப்புப் பொருளால் சவ்வைத் துளைத்து, அதே ஆன்டிபாடியை 100-க்கு 1 என்று கலந்து சாயமேற்றியபோது கரு ஓரங்களில் ஒளிரும் புள்ளிகள் பெருகியிருந்தன. முதல் ஆன்டிபாடியைப் பற்றி ஒளிரும் இரண்டாம் நிலை ஆன்டிபாடியை மட்டும் சேர்த்த கண்ணாடித் தகடு இருட்டாகவே இருந்தது. மூலக்கூறுக்குத் தானாக ஒளிரும் குணம் இருக்கிறதா என்று சாயமேற்றாத உயிரணுக்களையும் பார்த்தார்கள், இல்லை. கவனக்குறைவான வேலை என்று யாரும் சொல்ல முடியாது. கட்டுரையின் முதல் வரைவு தொடங்கியாயிற்று. அதன் மையப் படம் அந்தப் புள்ளிகள்தான்.

சந்தேகம் எழுந்த இடம்

குழுக் கூட்டத்தில் முதுமுனைவர் ஆய்வாளர் கேட்டார்: “இந்தப் புள்ளியெல்லாம் எல்சி3பி-தான்னு நமக்கு எப்படித் தெரியும்?”

“வெஸ்டர்ன்ல சுத்தமா வருதே, அக்கா. வேற பட்டையே இல்லை” என்றார் மாணவி.

“முழு மெம்பிரேனைக் காட்டு.”

முழு மெம்பிரேன் என்று ஒன்று இல்லை. புரதங்களை மெம்பிரேனுக்கு மாற்றியதும் 25 கிலோடால்டன் குறியில் கத்தரித்து, மேல் துண்டை பி62-க்கும் (ஆட்டோஃபேஜியில் செரிக்கப்படும் புரதம்) ஆக்டினுக்கும் (அளவை ஒப்பிட உதவும் புரதம்), கீழ்த் துண்டை எல்சி3பி-க்கும் பயன்படுத்துவது அந்த ஆய்வகத்தின் வழக்கம். மாதிரியும் நேரமும் மிச்சமாகும் என்பதால் பல இடங்களில் இப்படித்தான் செய்கிறார்கள். விளைவு, எல்சி3பி ஆன்டிபாடி 25-க்கு மேலே எதையெல்லாம் பிடிக்கிறது என்பதை அங்கே ஒருவரும் பார்த்ததே இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வெஸ்டர்ன் பிளாட்டில் ஆன்டிபாடி வேறொரு புரதத்தையும் பிடித்தால் பெரிய கேடு இல்லை. அது வேறு உயரத்தில் தனிப் பட்டையாகப் பிரிந்து நிற்கும், நாம் வேண்டிய பட்டையை மட்டும் அளந்துகொள்ளலாம். இம்யூனோஃப்ளூரசன்சில் அந்தப் பிரிப்பு கிடையாது. பிடிபட்ட எல்லாமே ஒரே நிறத்தில் ஒளிரும். மேலும் வெஸ்டர்ன் பிளாட்டில் புரதம் எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருளால் மடிப்பு பிரிந்து நீண்டு கிடக்கிறது. நிலைநிறுத்திய உயிரணுவில் மடிந்த நிலையிலேயே, அண்டைப் புரதங்களோடு பிணைக்கப்பட்டுக் கிடக்கிறது. ஆன்டிபாடி பற்றும் இடம் ஒன்றில் வெளியே இருக்கும், மற்றொன்றில் மறைந்திருக்கும். ஒரு முறையில் தேறிய ஆன்டிபாடி இன்னொரு முறையிலும் தேறும் என்று எடுத்துக்கொள்ள இதனாலேயே இடமில்லை.

முதல் முடிவு: ஏடிஜி7 நாக்அவுட்

கூட்டுறவில் இருந்த வேறொரு குழுவிடம் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையில் ஏடிஜி7 மரபணுவை நீக்கிய (நாக்அவுட்) ஹீலா உயிரணுக்கள் இருந்தன. கையில் இருந்ததால் அதையே முதலில் எடுத்தார்கள். அந்த உயிரணு வரிசை உண்மையிலேயே நாக்அவுட்தானா என்பதை ஏடிஜி5 ஆன்டிபாடி கொண்டு சரிபார்த்தார்கள். இயல்பான உயிரணுவில் ஏடிஜி5 பெரும்பாலும் ஏடிஜி12-உடன் இணைந்து சுமார் 55 கிலோடால்டனில் தெரியும். ஏடிஜி7 இல்லாவிட்டால் அந்த இணைப்பு நடக்காது. தனி ஏடிஜி5 மட்டும் சுமார் 32-இல் நிற்கும். அப்படியே நின்றது.

வெஸ்டர்ன் பிளாட்டில் எல்சி3-2 முழுதும் மறைந்து, எல்சி3-1 குவிந்திருந்தது. எதிர்பார்த்ததுதான். ஆனால் நுண்ணோக்கியில் புள்ளிகள் அப்படியே இருந்தன. மூலக்கூறைக் கொடுத்தால் அந்த நாக்அவுட் உயிரணுவிலும் கூடின.

ஆன்டிபாடியைக் குப்பையில் போடலாம் என்று மாணவி அன்றே சொன்னார். பேராசிரியர் தடுத்தார், அவர் சொன்ன காரணம் சரியானது. ஆட்டோஃபேஜி நின்றுபோன உயிரணுவில் பி62 திரள்களாகச் சேரும். கொழுப்பு இணையாத எல்சி3-யும் அந்தத் திரள்களுக்குள் போய் உட்காரும். இது 2007 முதலே அறியப்பட்ட செய்தி. ஆகவே ஏடிஜி7 நாக்அவுட்டில் தெரியும் புள்ளி, ஆட்டோஃபேஜியோடு தொடர்பில்லாத உண்மையான எல்சி3பி ஆகவும் இருக்கலாம், ஆன்டிபாடி தவறாகப் பிடித்த வேறொன்றாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்ட ஏடிஜி7 நாக்அவுட்டால் முடியாது. ஆன்டிபாடி எந்தப் புரதத்தின் பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்தப் புரதத்தையே நீக்கியாக வேண்டும்.

பல ஆய்வுகள் இந்த இடத்தில் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பாதையின் ஒரு கண்ணியை நீக்கிவிட்டு ‘நாக்அவுட் கட்டுப்பாடு செய்தாயிற்று’ என்று எழுதுகிறார்கள். பாதை நின்றதா என்பதற்கு அது சான்று. ஆன்டிபாடி எதைப் பிடிக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது.

இரண்டாம் முடிவு: எல்சி3பி நாக்அவுட்டும் வெட்டாத மெம்பிரேனும்

எல்சி3பி நாக்அவுட் உயிரணு வரிசையை அவர்களே உருவாக்கினார்கள். ஹீலாவில் இது எளிதல்ல. அதன் குரோமோசோம்கள் 46 அல்ல, 76 முதல் 80 வரை. ஒரு மரபணுவுக்கு இரண்டுக்கு மேற்பட்ட நகல்கள் இருப்பது சாதாரணம். ஒரு நகல் தப்பினாலும் புரதம் கொஞ்சம் உருவாகிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு எல்சி3பி-யோடு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும் எல்சி3பி2 என்ற தனி மரபணுவும் மனித மரபுத்தொகுதியில் உண்டு. ஆகவே ஒவ்வொன்றும் ஒரே உயிரணுவிலிருந்து வளர்ந்த தனித்தனிக் குளோன்களாகப் பிரித்து, டிஎன்ஏ வரிசையைப் படித்து, பிறகு புரத அளவிலும் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். வேலை இழுத்தது. கட்டுரை வரைவு மேசையிலேயே கிடந்தது. பொறுமையிழக்காமல் இதற்கு நேரம் கொடுத்த பேராசிரியரின் முடிவு என் பார்வையில் இந்த நிகழ்விலேயே மிக முக்கியமானது.

நாக்அவுட் தயாரானதும் மெம்பிரேனை வெட்டாமல் முழுதாக ஆன்டிபாடியில் ஊறவைத்தார்கள். 16-இலும் 14-இலும் இருந்த பட்டைகள் நாக்அவுட்டில் மறைந்தன. மேலே, 50 கிலோடால்டனை ஒட்டி ஒரு தடித்த பட்டை இயல்பு உயிரணுவிலும் நாக்அவுட்டிலும் ஒரே அளவில் இருந்தது. இவ்வளவு காலமும் கத்தரிக்குத் தப்பாமல் போன பட்டை அது. எல்சி3பி பட்டைகளைவிட அது வலுவாகத் தெரிந்தது.

நுண்ணோக்கிக்கு ஒரு கலப்பு முறையைப் பரிந்துரைத்தேன். இயல்பு உயிரணுக்களைப் பச்சைச் சாயத்தாலும் நாக்அவுட் உயிரணுக்களை வேறொரு நிறச் சாயத்தாலும் உயிருடன் இருக்கும்போதே அடையாளமிட்டு, ஒரே குழியில் கலந்து வளர்த்து, ஒன்றாகவே நிலைநிறுத்திச் சாயமேற்றுவது. இரண்டு தகடுகளைத் தனித்தனியே ஒப்பிடும்போது சாயம் ஏறிய அளவு, கழுவிய விதம், ஒளி கொடுத்த நேரம் என்று எதையாவது காரணம் சொல்லித் தப்பிக்க முடியும். ஒரே படத்தில் இரண்டு வகையும் அருகருகே இருக்கையில் அந்த வழியெல்லாம் அடைபடும்.

படத்தில் வேறுபாடே இல்லை. எல்சி3பி இல்லாத உயிரணுவிலும் அதே புள்ளிகள், அதே ஒளி. மூலக்கூறைக் கொடுத்தால் இரண்டிலும் ஒரே மாதிரி கூடின. லைசோசோமைக் காட்டும் லாம்ப்1-க்கும் சேர்த்துச் சாயமேற்றியபோது அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் லாம்ப்1 வளையங்களுக்குள்ளேயே கிடந்தன. லைசோசோம்கள் வீங்கியிருந்தன. இந்தக் கடைசிக் குறிப்பு பின்னால் பயன்பட்டது.

50 கிலோடால்டன் புரதம் எது என்று தேடலாமா என்ற பேச்சு வந்தது. வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். ஆய்வின் கேள்வி அது அல்ல. அந்த ஆன்டிபாடியை இம்யூனோஃப்ளூரசன்சிலிருந்து முற்றிலும் விலக்கினார்கள்.

மாற்று ஆன்டிபாடியைத் தேர்ந்தது

2016-இல் ஒரு பன்னாட்டுப் பணிக்குழு ஆன்டிபாடியைச் சரிபார்க்க ஐந்து வழிகளை முன்வைத்தது: மரபணுவை நீக்கிப் பார்ப்பது, ஆன்டிபாடி சாராத வேறொரு முறையோடு ஒப்பிடுவது, வேறு இடத்தைப் பற்றும் தனி ஆன்டிபாடியோடு ஒப்பிடுவது, அடையாள வால் பொருத்திய புரதத்தோடு ஒப்பிடுவது, ஆன்டிபாடி இழுத்து எடுத்ததை நிறை நிறமாலையில் படிப்பது. ஐந்தையும் ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் செய்ய வேண்டும் என்பதல்ல. நாக்அவுட் கையில் இருந்ததால் முதல் வழியே இவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

சில ரீகாம்பினன்ட் மோனோகுளோனல் (கலவையாக இல்லாத, ஒரே வகை) ஆன்டிபாடிகளை வரவழைத்தார்கள். இவ்வகையில் ஆன்டிபாடியின் மரபணு வரிசை கையில் இருக்கிறது. அதை வளர்ப்பு உயிரணுவில் வைத்து உற்பத்தி செய்கிறார்கள். ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் வேறுபாடு மிகக் குறைவு. பாலிகுளோனலில் முயல் மாறினால் கலவையே மாறிவிடும். ஒவ்வொன்றையும் அதே கலப்புக் குழியில், இரண்டு நிலைநிறுத்தும் முறைகளில், 100-க்கு 1 முதல் 1000-க்கு 1 வரை பல செறிவுகளில் சோதித்தார்கள். தூண்டுதலுக்கு, உயிரணுவைப் பட்டினி போடும் உப்புக் கரைசலோடு பாஃபிலோமைசின் ஏ1 சேர்த்தார்கள். பாஃபிலோமைசின் லைசோசோமின் அமிலப் பம்பை நிறுத்தும். உண்டான எல்சி3-2 செரிக்காமல் தங்கும்.

தேறிய ஆன்டிபாடி, மைனஸ் 20 டிகிரி மெத்தனாலில் நிலைநிறுத்தியபோது மட்டும் நன்றாக வேலை செய்தது. இயல்பு உயிரணுவில் கூர்மையான புள்ளிகள். பக்கத்து நாக்அவுட் உயிரணு இருட்டு. அதே ஆன்டிபாடி பாராஃபார்மால்டிஹைடில் மங்கலான பின்னணி ஒளியையே தந்தது. பாராஃபார்மால்டிஹைடு புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துப் பற்றும் இடத்தை மறைக்கக்கூடும். மெத்தனால் நீரை அகற்றிப் புரதத்தை வீழ்படியச் செய்கிறது, மடிப்பும் ஓரளவு பிரிகிறது. ஆய்வகத்தின் நெறிமுறைக் குறிப்பில் ஆன்டிபாடியின் பெயரோடு நிலைநிறுத்தும் முறையையும் செறிவையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று அன்று முடிவானது.

ஆய்வின் முடிவே திரும்பியது

புதிய ஆன்டிபாடியால் மூலக்கூறை மறுபடி சோதித்தார்கள். புள்ளிகள் கூடவே செய்தன, முன்பைவிடக் குறைந்த அளவில். முதல் முடிவு தப்பித்தது என்று கொஞ்ச நேரம் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் எல்சி3-2 கூடுவதற்கு இரண்டு நேரெதிர்க் காரணங்கள் உண்டு. உற்பத்தி கூடியிருக்கலாம், அல்லது லைசோசோமில் செரிமானம் நின்றிருக்கலாம். வடிகால் அடைத்தாலும் தொட்டியில் நீர்மட்டம் உயரும் அல்லவா.

அதைப் பிரிக்க, மூலக்கூறு தனியாக, பாஃபிலோமைசின் தனியாக, இரண்டும் சேர்த்து என்று பார்த்தார்கள். தூண்டும் மூலக்கூறாக இருந்தால் இரண்டும் சேர்ந்த இடத்தில் எல்சி3-2, பாஃபிலோமைசின் தனியாகத் தந்ததைத் தாண்டி உயர வேண்டும். உயரவில்லை. அளவுகளை எல்சி3-1-ஓடு வகுக்காமல் ஆக்டினோடு ஒப்பிட்டார்கள். மாதிரியை உறையவைத்து உருக்கும்போது எல்சி3-1 எளிதில் சிதைகிறது. பல ஆன்டிபாடிகள் இரண்டு வடிவங்களையும் ஒரே வலுவில் பற்றுவதும் இல்லை. அந்த வகுத்தல் எண்ணை நம்ப முடியாது.

பி62-உம் கூடியிருந்தது. பி62 ஆட்டோஃபேஜியில் செரிக்கப்படும் புரதம்; ஆட்டோஃபேஜி சீராக நடந்தால் குறைய வேண்டும். என்ஆர்எஃப்2 என்ற காரணியால் அதன் மரபணு தூண்டப்பட்டாலும் கூடும் என்பதால் அதன் எம்ஆர்என்ஏ-வை (மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகலை) அளந்தார்கள், மாற்றம் இல்லை. பி62 ஆன்டிபாடியையும் இந்த முறை அதன் சொந்த நாக்அவுட்டில், வெட்டாத மெம்பிரேனில் வைத்துத்தான் நம்பினார்கள்.

வீங்கிய லைசோசோம்கள் இப்போது நினைவுக்கு வந்தன. மூலக்கூறின் அமைப்பில் கார நைட்ரஜன் ஒன்றும் எண்ணெய் விரும்பும் பகுதி ஒன்றும் இருந்தன. குளோரோகுயின் போன்ற மருந்துகளின் குணம் இது. இவை அமிலமான லைசோசோமுக்குள் நுழைந்து, மின்னேற்றம் பெற்று, வெளியேற முடியாமல் குவியும். அமிலத்தைக் காட்டும் சாயம் லைசோசோமில் மங்கியதும் இதற்குப் பொருந்தியது.

கடைசியாக எஃப்ஐபி200 நீக்கிய உயிரணுக்களில் பார்த்தார்கள். இரட்டைச் சவ்வுப் பை தொடங்குவதற்கே எஃப்ஐபி200 வேண்டும். அது இல்லாதபோதும் மூலக்கூறு எல்சி3-2-ஐ ஓரளவு கூட்டியது; பாஃபிலோமைசின் சேர்த்தால் அந்தக் கூடுதல் மறைந்தது. ஆட்டோஃபேஜி இல்லாமலே, பாதிக்கப்பட்ட லைசோசோம்களின் ஒற்றைச் சவ்வில் எல்சி3 நேரடியாக ஒட்டும் வழி ஒன்று உண்டு. அமிலப் பம்போடு ஏடிஜி16எல்1 சேர்வதால் அது நடக்கிறது. ஆகவே உண்மையான எல்சி3பி புள்ளிகளிலும் ஒரு பகுதி ஆட்டோஃபேஜியைக் குறிக்கவில்லை.

தூண்டி என்று எழுதத் தொடங்கிய மூலக்கூறு, லைசோசோமைக் குலைத்துச் செரிமானத்தைத் தடுப்பது என்று தெரிந்தது.

பின் நடந்தவை

வரைவின் தலைப்பிலிருந்து எல்லாம் மாறியது. பழைய ஆன்டிபாடிப் படங்கள் நீக்கப்பட்டன. எல்சி3பி நாக்அவுட் படமும் வெட்டாத மெம்பிரேன் படங்களும் துணை இணைப்பில் சேர்ந்தன. ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் பட்டியல் எண், தொகுதி எண், செறிவு, நிலைநிறுத்தும் முறை எழுதப்பட்டன. மாணவியின் ஆய்வேட்டுக்கு இதனால் கூடுதல் காலம் பிடித்தது. அது உண்மையான இழப்பு. அதே பழைய ஆன்டிபாடியால் ஆய்வகத்தின் இன்னொரு திட்டத்தில் எடுத்த புள்ளி எண்ணிக்கைகளும் நிறுத்தி வைக்கப்பட்டு, புதிய ஆன்டிபாடியால் மறுபடி எண்ணப்பட்டன. ஆன்டிபாடி விற்ற நிறுவனத்துக்கு நாக்அவுட் படங்களை அனுப்பினார்கள்.

பழைய ஆன்டிபாடி இன்றும் குளிர்பெட்டியில் இருக்கிறது. ‘வெஸ்டர்ன் பிளாட்டுக்கு மட்டும்’ என்று குப்பியின் மேல் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அந்த வேலைக்கு அது நல்ல ஆன்டிபாடிதான்.

மாறியவையும் மாற வேண்டியவையும்

அந்த ஆய்வகத்தில் இப்போது புதிய ஆன்டிபாடி வந்தால் முதல் மெம்பிரேன் வெட்டப்படுவதில்லை. தொகுதி எண் மாறினாலும் அப்படியே. மெம்பிரேனை வெட்டிச் சிக்கனம் செய்வது அதற்குப் பிறகுதான். இதற்குப் பெரிய செலவு ஏதும் இல்லை. எந்த ஆய்வகமும் நாளையே தொடங்கலாம்.

நாக்அவுட் வரிசை எல்லோருக்கும் எட்டாது. எஸ்ஐஆர்என்ஏ என்ற சிறு ஆர்என்ஏ மூலம் புரதத்தைக் குறைத்துப் பார்ப்பது அடுத்த நிலை. ஒளி முழுதும் மறையாது, குறைய வேண்டும். அதுவும் முடியாதபோது வேறொரு முனையைப் பற்றும் இரண்டாவது ஆன்டிபாடியோடு ஒப்பிடலாம். ஆனால் எந்தச் சோதனையானாலும் எந்த முறையில் படம் எடுக்கப் போகிறோமோ அந்த முறையிலேயே நடக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. முனைவர் பட்ட மாணவர்களின் ஆண்டுகள் இதில் கரைகின்றன.

முறையே மாற வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. இந்தக் குழு மூலக்கூறின் விளைவை முதலில் படம் பிடித்தது, ஆன்டிபாடியைப் பிறகு சோதித்தது. வரிசையைத் திருப்பியிருந்தால் எல்சி3பி நாக்அவுட்டை உருவாக்கச் செலவான காலம் எப்படியும் செலவாகியிருக்கும்; ஆனால் தவறான மையப் படத்தைச் சுற்றி எழுந்த சோதனைகளைத் தவிர்த்திருக்கலாம். இப்போது திட்டம் தொடங்கும்போதே எந்தப் புரதங்களை எந்த முறையில் பார்க்கப் போகிறோம் என்று எழுதி, நாக்அவுட் வரிசைகளை முதலிலேயே தயாரிக்கிறார்கள்.

எல்சி3பி மட்டும் பார்த்தால் போதாது என்பதும் பேசப்பட்டது. மனித உயிரணுவில் எல்சி3பி சேர்ந்த ஏடிஜி8 குடும்பத்தில், எல்சி3பி2-ஐத் தனியே எண்ணாவிட்டால், எல்சி3ஏ, எல்சி3பி, எல்சி3சி, காபராப், காபராப்எல்1, காபராப்எல்2 என ஆறு புரதங்கள் உள்ளன. நெருங்கிய உறவினர்கள் என்பதால் ஒன்றுக்கான ஆன்டிபாடி இன்னொன்றைப் பிடிப்பது எளிதில் நடக்கும். காபராப் பிரிவின் மூன்றுக்கும் இதே கலப்புக் குழிச் சோதனை இப்போது நடந்துவருகிறது. அது முடியும்வரை காபராப் படங்கள் எந்தக் கட்டுரையிலும் சேராது என்று மாணவியே குழுக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார்.